சிவப்பெல்லாம் செம்மண் இல்லை

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியது. கூட்டத்துக்கு வர இயலாத உறுப்பினர்களுக்காக இங்கே தரப்படுகிறது.)



வழக்கமா இந்தக் கூட்டத்தில் நான் சேமிப்பு எவ்வளவு, கடன் எவ்வளவு, தவணை தவறியது எவ்வளவு என்றுதான் பேசுவேன். இன்னைக்கு மேசை மேல ரெண்டு தட்டு மண்ணைப் பார்த்துட்டு நிறைய பேர் சிரிச்சீங்க. "என்ன மேடம், முளைப்பாரி போடப் போறீங்களா?" என்று ஒரு அக்கா கேட்டாங்க. இல்லீங்க அக்கா. இந்த மண்ணுக்கும் நம்ம கடன் நோட்டுக்கும் சம்பந்தம் இருக்கு. அதைச் சொல்லத்தான் வந்திருக்கேன்.

ரெண்டு தட்டிலும் என்ன மண் இருக்கு, சொல்லுங்க பார்ப்போம். (எல்லோரும்: "செம்மண்!")

நிறத்தை வைத்துப் பார்த்தால் நீங்க சொன்னது சரிதான். நானும் அப்படித்தான் நினைத்தேன். அப்படி நினைத்ததால் 12 பெண்களுக்கு நஷ்டம் வந்தது. அந்தக் கதையை முதலில் சொல்லிடுறேன்.

நான் இந்த வேலைக்கு வந்த புதிது. சமூகப்பணி படித்துவிட்டு வந்தவள். கணக்கு எழுதத் தெரியும், குழு நடத்தத் தெரியும். குடுமியான்மலைப் பக்கம் ஒரு குழு, சங்கக் கடன் வாங்கி, நிலம் குத்தகைக்கு எடுத்து ஆடிப் பட்டத்தில் மானாவாரியாகக் கடலை போட்டாங்க. ஏக்கருக்கு 15 மூட்டைக்குக் குறையாமல் எடுத்தாங்க. கடனையும் தவணை தப்பாமல் கட்டினாங்க. எனக்கு ஒரே சந்தோஷம். அடுத்த வருஷம் ஆதனக்கோட்டைப் பக்கம் இன்னொரு குழுவுக்கும் அதே திட்டத்தைச் சொன்னேன். அங்கே 3 ஏக்கர் நிலம் குறைந்த குத்தகைக்குக் கிடைத்தது. மண் சிவப்பா இருந்தது. தீர்மான நோட்டில் எழுதி, 12 பேரும் கையெழுத்துப் போட்டு, கடனும் வாங்கியாச்சு.

உழவு ஓட்டுற அன்னைக்கு, பக்கத்துத் தோப்பில் முந்திரிச் சருகு கூட்டிக்கிட்டு இருந்த ஒரு அப்பத்தா வந்து நின்னு பார்த்தாங்க. "கண்ணு, இது பொறை பூமி. அடியில கல்லு. கடலை தங்காது" என்று சொன்னாங்க. நான் சிரிச்சுக்கிட்டே, "எல்லாம் விசாரிச்சுட்டோம் அப்பத்தா" என்று சொல்லிட்டேன். உண்மையில் நான் யாரையும் விசாரிக்கவில்லை.

கடலை முளைத்தது. முதல் மாசம் குறை தெரியவில்லை. அப்புறம் இலை வெளுத்து மஞ்சளாச்சு. நடுவில் 12 நாள் மழை இல்லை, செடி துவண்டு போச்சு. பூ பூத்து விழுது இறங்குற நேரத்தில் மண் கெட்டிப்பட்டுக் கிடந்தது. விழுது உள்ளே போகவில்லை. பறிக்கிறப்போ செடி கையோடு அறுந்து வந்தது, காய் மண்ணுக்குள்ளேயே நின்றது. வந்ததிலும் பாதி பொக்கு. 3 ஏக்கருக்கும் சேர்த்து 9 மூட்டைதான். 2 பேர் தோட்டை அடகு வைத்துத் தவணை கட்டினாங்க. ஒரு அக்கா குழுவை விட்டே போயிட்டாங்க. இன்னமும் என்னை வழியில் பார்த்தால் முகம் கொடுத்துப் பேச மாட்டாங்க. அவங்க மேல தப்பில்லை.

அந்த அப்பத்தா சொன்ன "பொறை"க்கு என்ன அர்த்தம் என்று அதற்கப்புறம்தான் விசாரித்தேன். விவசாயத் துறை அலுவலர்களிடம் கேட்டேன், படித்தேன். அதை உங்க கிட்ட எளிமையா சொல்றேன்.

முதல் தட்டில் இருப்பது குடுமியான்மலைப் பக்கத்து செம்மண். இரண்டாவது தட்டில் இருப்பது ஆதனக்கோட்டைப் பக்கத்து மண். பள்ளிக்கூடப் பாடப் புத்தகத்தில் இதைச் "சரளை மண்" என்று போட்டிருக்கும். இது இறுகிக் கல்லாகக் கிடப்பதை நாம செம்புறாங்கல் என்கிறோம். கந்தர்வகோட்டை, ஆலங்குடிப் பக்கமும் இதைப் பார்க்கலாம். ஆங்கிலத்தில் "லேட்டரைட்" என்பார்கள்.

அந்தப் பேருக்கே ஒரு கதை இருக்கு. 1800-ஆம் வருஷத்தை ஒட்டி பிரான்சிஸ் புக்கானன் என்ற வெள்ளைக்காரர் தென்னாட்டைச் சுற்றிப் பார்த்து எழுதினார். கேரளாவில், இப்போது மலப்புரம் மாவட்டத்தில் இருக்கிற அங்காடிப்புரத்தில், சனங்க பூமியில் இருந்து மண்ணைக் கட்டி கட்டியாக வெட்டி எடுத்து வீடு கட்டுவதைப் பார்த்தார். வெட்டும்போது மெதுவா இருக்கிற மண், வெளியே காத்துப்பட்டதும் செங்கல் மாதிரி இறுகிப் போகுது. லத்தீன் மொழியில் செங்கலுக்கு உள்ள சொல்லை வைத்து, 1807-ல் வெளிவந்த தன் புத்தகத்தில் அதற்கு லேட்டரைட் என்று பேர் கொடுத்தார். பேரிலேயே செங்கல் இருக்கிற மண்ணில்தான் நான் கடலை போடச் சொல்லியிருக்கேன்!

இனி ரெண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

1. பிறப்பு

குடுமியான்மலை, நார்த்தாமலையில் பெரிய பெரிய பாறைகளைப் பார்த்திருப்பீங்க. அந்த மாதிரிப் பாறை வெயிலிலும் மழையிலும் பல ஆயிரம் வருஷமாகப் பொடிந்து உண்டானதுதான் செம்மண். பாறையில் உள்ள இரும்புச் சத்து, நம்ம வீட்டு இரும்புச் சட்டி துருப்பிடிக்கிற மாதிரி துருப்பிடித்துச் சிவப்பாகிறது. செம்மண்ணின் நிறம் இந்தத் துருவின் நிறம்தான்.

சரளை மண்ணுக்கும் நிறம் அதே துருதான். ஆனால் அது உண்டான விதம் வேற. நல்ல சூடும் நிறைய மழையும், மழைக்கு அப்புறம் நீண்ட கோடையும் மாறி மாறி வந்த காலத்தில், மழைத்தண்ணி மண்ணுக்குள் இறங்கி இறங்கி சுண்ணாம்புச் சத்து, சாம்பல் சத்து எல்லாவற்றையும் கரைத்துக்கொண்டு போய்விட்டது. மணலில் இருக்கிற சிலிக்காவில் கூடப் பெரும்பகுதி போயிடும். கரையாத இரும்பும் அலுமினியமும் மட்டும் தங்கிவிட்டது. டீத்தூளைத் திரும்பத் திரும்பக் கொதிக்க வைத்து வடிகட்டினால் என்ன மிஞ்சும்? நிறம் இருக்கும், சாறு இருக்காது. சரளை மண்ணும் அப்படித்தான்.

2. உடம்பு

தட்டுகளை வரிசையாக அனுப்புறேன், கையால் தொட்டுப் பாருங்க. செம்மண் கட்டியை விரலால் நசுக்கினால் உதிரும். மணலும் களியும் கலந்து இருக்கும். தோண்டிக்கொண்டே போனால் அடியில் பொடிந்து வருகிற பாறை தட்டுப்படும்.

சரளை மண்ணில் பட்டாணி அளவு, சுண்டைக்காய் அளவு உருண்டைக் கற்கள் இருக்கும். கையில் எடுத்தால் கனமாக இருக்கும். கீழே தோண்டினால் சிவப்பும் மஞ்சளும் திட்டுத் திட்டாகத் தெரியும். கல் அடுக்கு வந்துவிட்டால் தேன்கூடு மாதிரி ஓட்டை ஓட்டையாக இருக்கும். சில இடத்தில் இந்த அடுக்கு 5 அடி ஆழத்தில் இருக்கும், சில இடத்தில் ஒரு அடியிலேயே வந்துவிடும். மேல்மண் மழையில் அரித்துப் போய், இந்த அடுக்கு வெயிலில் பட்டுக் காய்ந்தால் இறுகிக் கல்லாகிவிடும். மறுபடி எத்தனை மழை பெய்தாலும் பழைய மாதிரி இளகாது. அதனால் சரளை நிலத்தில் மேல்மண்ணைக் காப்பாற்றுவது ரொம்ப முக்கியம். வரப்புப் போடுவது, சருகு மூடாக்குப் போடுவது எல்லாம் அதற்காகத்தான்.

3. சத்து

ரெண்டு மண்ணிலும் தழைச்சத்தும் மக்குச்சத்தும் குறைவு. ரெண்டுக்கும் தொழுஉரம் வேணும். ஆனால் செம்மண் பெரும்பாலும் நடுநிலையாகவோ லேசான புளிப்பாகவோ இருக்கும். சரளை மண் நல்ல புளிப்பு. இதை அலுவலர்கள் "அமிலத் தன்மை" என்பார்கள். மண் பரிசோதனையில் 7 என்று வந்தால் நடுநிலை. அதற்குக் கீழே போகப் போகப் புளிப்பு அதிகம். கடலைக்கு 6-ல் இருந்து 7 வரை இருந்தால் நல்லது. சரளை மண்ணில் 5 என்றும், அதற்குக் கீழேயும் வருவதுண்டு.

இன்னொரு விஷயம். டி.ஏ.பி., சூப்பர் பாஸ்பேட் போடுறோமே, அதில் உள்ள மணிச்சத்தைச் சரளை மண்ணில் இருக்கிற இரும்பும் அலுமினியமும் கெட்டியாகப் பிடித்து வைத்துக்கொள்ளும், செடிக்குக் கொடுக்காது. காசு கொடுத்து வாங்கின உரம் மண்ணிலேயே மாட்டிக்கொள்ளும். அந்தக் குழு போட்ட உரம் அப்படித்தான் வீணாச்சு. இதற்கு ஒரு வழி, ஊட்டமேற்றிய தொழுஉரம். ஒரு ஏக்கருக்கு 300 கிலோ மக்கிய தொழுஉரத்தில், அந்தப் பயிருக்குத் தேவையான சூப்பர் பாஸ்பேட்டைக் கலந்து, நிழலில் குவித்து, ஈரம் காயாமல் ஒரு மாசம் மூடி வைத்து அப்புறம் போடணும். செம்மண் மானாவாரிக்கும் இது நல்லதுதான்.

(ஒரு உறுப்பினர்: "மேடம், கடலைக்கு ஜிப்சம் போடுறோமே, அது சுண்ணாம்புதானே? அது புளிப்பை எடுக்காதா?")

நல்ல கேள்வி அக்கா. ஜிப்சத்தில் சுண்ணாம்புச் சத்தும் கந்தகச் சத்தும் இருக்கு. கடலைப் பருப்பு திரட்சியாக வர அது உதவும். ஏக்கருக்கு 160 கிலோ, விதைத்த 40, 45-ஆம் நாள் வாக்கில் போட்டு மண் அணைப்போம். ஆனால் அது மண்ணின் புளிப்பை மாற்றாது. புளிப்பை எடுக்க விவசாயச் சுண்ணாம்பு, இல்லை என்றால் டோலமைட் போடணும். எவ்வளவு போடுவது என்பது மண் பரிசோதனை முடிவைப் பார்த்துத்தான். கண் மதிப்பில் போடக் கூடாது. அடுப்புச் சாம்பலும் புளிப்பைக் கொஞ்சம் குறைக்கும். வீட்டுத் தோட்டத்துக்கு அதைத் தூக்கிப் போடாமல் பயன்படுத்துங்க.

4. தண்ணி

ரெண்டு மண்ணிலும் தண்ணி ரொம்ப நாள் நிற்காது. செம்மண்ணில் ஒரு தொந்தரவு உண்டு. மழை பெய்து உடனே வெயில் அடித்தால் மேலே அப்பளம் மாதிரி ஏடு கட்டும். முளை வெளியே வராமல் தவிக்கும். லேசாகக் கொத்திவிட்டால் சரியாகும். மக்கிய தென்னைநார்க் கழிவோ தொழுஉரமோ தொடர்ந்து போட்டால் ஏடு கட்டுவது குறையும். குளத்து வண்டலும் செம்மண்ணுக்கு நல்லது. ஆனால் அனுமதி வாங்கித்தான் வண்டல் எடுக்கணும்.

சரளையில் தண்ணி சீக்கிரம் இறங்கிவிடும். கல் அடுக்கு மேலேயே இருந்தால் வேர் கீழே போய் ஈரத்தைத் தேட முடியாது. அதனால்தான் 12 நாள் மழை இல்லாததற்கே அந்தக் கடலை துவண்டது. குடுமியான்மலைப் பக்கம் வேருக்கு ஆழம் இருந்ததால் அந்த மாதிரிக் காய்ச்சலைத் தாங்கியது.

5. என்ன போடலாம்?

செம்மண்ணில் கடலை, கம்பு, கேழ்வரகு, துவரை, உளுந்து, தண்ணி வசதி இருந்தால் காய்கறி, பூ எல்லாம் வரும்.

அப்படி என்றால் சரளை மண் ஒன்றுக்கும் ஆகாத மண்ணா? இல்லவே இல்லை. தஞ்சாவூர் ரோட்டில் ஆதனக்கோட்டையைத் தாண்டும்போது, நம்ம பெண்கள் ரோட்டோரம் முந்திரிக் கொட்டையை வறுத்து, உடைத்து விற்பதைப் பார்க்காதவங்க இங்கே யாராவது உண்டா? அந்த ஊருக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது முந்திரிதான். முந்திரி வேர் சரளையில் இடுக்குத் தேடிப் போகும். பலாவும், ஆழம் கிடைத்தால் நன்றாக வரும். மேல்மண் கொஞ்சம் இருக்கிற இடத்தில் கொள்ளு, வரகு போடலாம். நீலகிரியில் தேயிலை செழிப்பாக வளர்வதும் இந்த மாதிரிப் புளிப்பு மண்ணில்தான். ஒவ்வொரு மண்ணுக்கும் பிடித்த பயிர் ஒன்று இருக்கு.

சொந்தச் சரளை நிலம் உள்ளவங்க முந்திரி வைப்பதானால் ஒட்டுக் கன்றாகப் பார்த்து வாங்குங்க. 7 மீட்டர் இடைவெளியில் ஏக்கருக்கு 80 கன்று வரும். சாதாரண மண்ணில் ஒன்றரை அடிக் குழி போதும். அடியில் கல் இருந்தால் 3 அடி அகலம், 3 அடி ஆழம் தோண்டி, கல்லை எடுத்துவிட்டு மேல்மண்ணும் தொழுஉரமும் போட்டு நிரப்பணும். காய்ப்பு 3-ஆம் வருஷம்தான் தொடங்கும். அதனால் ஒரு வருஷக் குத்தகை நிலத்துக்கு முந்திரி சரிப்படாது. மாசத் தவணைக் கடனுக்கும் சரிப்படாது. இதையும் யோசித்துப் பார்க்கணும்.

சரி, இப்போ இந்த ரெண்டு டம்ளரைப் பாருங்க. பேசத் தொடங்கும்போதே ஒன்றில் செம்மண் கட்டியும், இன்னொன்றில் சரளைக் கட்டியும் போட்டுத் தண்ணி ஊற்றி வைத்தேன். செம்மண் கட்டி கரைந்து அடியில் படிந்துவிட்டது. சரளைக் கட்டியில் தூசி மட்டும் கலங்கியிருக்கு, கல் அப்படியே கிடக்கு. இதை நீங்க வீட்டிலேயே செய்து பார்க்கலாம். ஆனால் ஒன்று. நம்ம மாவட்டத்தில் செம்மண்ணும் சரளையும் கலந்த நிலமும் நிறைய உண்டு. ஒரே வயலில் மேற்கு மூலை செம்மண், கிழக்கு மூலை சரளை என்று இருக்கும். அதனால் ஒரு இடத்தை மட்டும் பார்த்து முடிவு பண்ணக் கூடாது. புளிப்பு எவ்வளவு, சத்து எவ்வளவு என்பதை டம்ளர் சொல்லாது. அதற்கு மண் பரிசோதனை நிலையத்துக்குத்தான் அனுப்பணும்.

மண் எடுக்கும் முறையைக் குறித்துக்கொள்ளுங்க. வயலில் 10-ல் இருந்து 15 இடத்தைத் தேர்ந்தெடுக்கணும். வரப்பு ஓரம், மர நிழல், எருக்குழிப் பக்கம் வேண்டாம். மேலே கிடக்கிற குப்பையை ஒதுக்கிவிட்டு, மண்வெட்டியால் 'வி' வடிவத்தில் 15 சென்டிமீட்டர், அதாவது அரை அடி ஆழம் வெட்டி, குழியின் ஓரத்தில் மேலிருந்து கீழ் வரை ஒரே கனத்தில் மண்ணைச் சீவி எடுங்க. எல்லாவற்றையும் சுத்தமான துணியில் கொட்டிக் கலந்து, நாலு பாகமாகப் பிரித்து, எதிரெதிர் ரெண்டு பாகத்தைத் தள்ளிவிடுங்க. அரை கிலோ மிஞ்சும் வரை இப்படியே செய்யணும். நிழலில் உலர்த்தி, துணிப் பையில் போட்டு, பேர், ஊர், சர்வே எண், போடப் போற பயிர் எழுதி விவசாய அலுவலகத்தில் கொடுங்க. பழைய உரச் சாக்கில் போட்டால் முடிவு தப்பாகிவிடும். மரப் பயிருக்கு என்றால் 1 அடி, 2 அடி, 3 அடி ஆழங்களில் தனித்தனியாக எடுக்கணும். முடிவை மண்வள அட்டையாகத் தருவார்கள். இந்த மண்வள அட்டைத் திட்டம் 2015-ல் வந்தது. உங்க வீட்டில் ஏற்கெனவே அட்டை வந்து பெட்டிக்குள் கிடக்கலாம். தேடிப் பாருங்க.

கடைசியா, உங்க கிட்ட ஒரு கோரிக்கை. இனிமே நிலம் குத்தகைக்கு எடுக்கவோ, விவசாயச் செலவுக்கோ கடன் கேட்கிற குழு, தீர்மானம் எழுதுவதற்கு முன்னால் மூணு காரியம் செய்யணும்.

ஒன்று, அந்த நிலத்தில் மூணு இடத்திலாவது 2 அடி ஆழத்துக்குக் குழி தோண்டிப் பார்க்கணும். குறைந்தது 4 உறுப்பினர்கள் நேரில் நின்று பார்க்கணும்.

இரண்டு, மண் பரிசோதனை முடிவைத் தீர்மான நோட்டில் எழுதணும்.

மூன்று, அந்த ஊரில் அந்த நிலத்தை 20, 30 வருஷமாகப் பார்த்த ஒரு பெரியவங்க கிட்ட கேட்கணும். அவங்க சொன்னதையும் நோட்டில் எழுதணும்.

இந்த மூணும் இல்லாமல் யாராவது தீர்மானம் கொண்டுவந்தால், அது நானாகவே இருந்தாலும், கையெழுத்துப் போடாதீங்க. "குழி தோண்டியாச்சா?" என்று கேளுங்க. கடன் வாங்குறப்போ நாம எல்லாரும் ஒருத்தருக்கு ஒருத்தர் பொறுப்பு. கட்டுறப்போ தோட்டை அடகு வைக்கிறது ஒரு தனிப் பெண்ணாக இருக்கக் கூடாது.

அந்த ஆதனக்கோட்டைப் பக்கத்துக் குழு கலைந்து போகவில்லை. தவணையை நீட்டித்துக் கொடுத்தோம், கூலி வேலைக்குப் போய்க் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டி முடிச்சாங்க. அதில் 5 பேர் இப்போ முந்திரி வாங்கி வறுத்து விற்கிறாங்க. குழுவை விட்டுப் போன அந்த அக்காவை மறுபடி சேர்க்கணும் என்று போன மாசக் கூட்டத்தில் அவங்களே பேசினாங்க. நானும் போய்க் கேட்கப் போறேன். முந்திரித் தோப்பு அப்பத்தாவை மட்டும் ஏற்கெனவே போய்ப் பார்த்துட்டேன். "இப்பவாச்சும் கேட்டியே ஆத்தா" என்று சொல்லி, உட்கார வைத்துக் காப்பி கொடுத்தாங்க.

அடுத்த மாசக் கூட்டத்துக்கு வரும்போது ஒவ்வொரு குழுவும் உங்க ஊர் மண் ஒரு கை அள்ளிக்கிட்டு வாங்க. எந்த இடத்தில் எடுத்தது என்று காகிதத்தில் எழுதிக்கிட்டு வாங்க. டம்ளர் நான் கொண்டு வர்றேன்.